48 வயதில் வெண்பா எழுதப் பழகுவது எப்படி

‘நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா’ என்று பள்ளியில் ராகம் போட்டு ஒப்பித்தோமே, அது மார்க்குக்காக. அதற்கப்புறம் நான் அதைத் தொட்டது 48 வயதில். கரூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். கவிதை மனசெல்லாம் எனக்குக் கிடையாது, எண்ணத் தெரியும். வெண்பாவுக்கு ஆரம்பத்தில் அது போதும்.

முதல் இரண்டு வாரம் எதுவும் எழுதாதீர்கள். பஸ்ஸில் உட்கார்ந்து கடைப் பலகைகளை அசை பிரியுங்கள், அதாவது சொல்லை நேர், நிரை என்ற துண்டுகளாக்குங்கள். தனியாக நிற்கும் குறிலோ நெடிலோ நேர். இரண்டு குறில் சேர்ந்தாலும், குறிலை அடுத்து நெடில் வந்தாலும் நிரை. பின்னால் மெய்யெழுத்து வந்தால் அதையும் அந்த அசையிலேயே சேர்த்து முடித்துவிடுங்கள். டீக்/கடை: நேர் நிரை, கூவிளம். நகைக்/கடை: நிரை நிரை, கருவிளம். ‘சலூன்’ மொத்தமும் ஒரே நிரை, ஒரு வெண்பாவையே முடித்து வைக்கும் என்று புரிந்த அன்று நான் தனியாகச் சிரித்ததைப் பக்கத்து சீட் அம்மா ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

சரி, இனி குறள் வெண்பா. திருக்குறள் மாதிரி இரண்டே அடி. அசைகளால் ஆனது சீர். முதல் அடியில் நாலு சீர், இரண்டாம் அடியில் மூன்று. தேமா, புளிமா இரண்டும் மா. கூவிளம், கருவிளம் இரண்டும் விளம். மூன்று அசை வந்து கடைசி அசை நேர் என்றால் காய், நிரை என்றால் கனி. ஒரு சீர் மாவில் முடிந்தால் அடுத்தது நிரையில் தொடங்க வேண்டும். விளத்திலோ காயிலோ முடிந்தால் அடுத்தது நேரில். இப்படிச் சீரும் சீரும் சேர்வதுதான் தளை, பிசகினால் ‘தளை தட்டுகிறது’ என்பார்கள். கனிச்சீர் வரவே கூடாது. கடைசிச் சீர் நாள் (தனி நேர்), மலர் (தனி நிரை), காசு (நேரோடு ஒரு ‘உ’ ஒலி), பிறப்பு (நிரையோடு ஒரு ‘உ’ ஒலி) இந்த நாலில் ஒன்று. இரண்டு அடிகளின் முதல் சொல்லிலும் இரண்டாம் எழுத்து ஒன்றாக இருந்தால் எதுகை. முதல் எழுத்து ஒன்றி வரும் மோனையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், நானும் விட்டுவிட்டேன்.

எதைப் பற்றி எழுதுவது? நிலா, தாய்மை, காதல் பக்கம் மட்டும் போகாதீர்கள். அங்கே அடுத்தவர் சொன்ன வரிதான் கைக்கு வரும். நேற்று வீட்டில் நடந்த ஏதாவது ஒன்றை எடுங்கள். எங்கள் வீட்டுக்கு ப்ளம்பர் வந்திருந்தார். நான் முதலில் எழுதியது:

பழுதான குழாயைச் சரிசெய்ய வந்தவர்
மறந்துவிட்டுப் போனார் குடை

எண்ணிப் பார்த்தால் இரண்டு இடத்தில் தளை தட்டுகிறது. ‘பழு/தா/ன’ காய்ச்சீர், அதன் பின் ‘குழா’ என்று நிரை வரக்கூடாது. ‘வந்/தவர்’ விளம், அதன் பின் ‘மறந்’ வரக்கூடாது. எதுகையும் இல்லை. மூன்று நாள் மண்டையைக் குடைந்தது. நாலாம் நாள் பாத்திரம் கழுவும்போது அந்தக் குழாயே சொல்லிக் கொடுத்தது:

சொட்டும் குழாயைச் சரிசெய்ய வந்தவர்
விட்டுவிட்டுப் போனார் குடை

‘பழுதான’ என்பது நான் கடையில் பில் போடும்போது எழுதுகிற சொல். ‘சொட்டும்’ என்றால் தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிறது, காதிலும் விழுகிறது. தளை தட்டாமல் இருந்திருந்தால் நான் அந்தச் சொல்லைத் தேடியே இருக்க மாட்டேன்.

சிக்கிக்கொள்ளும்போது ‘நன்றாய்’, ‘அன்றே’ என்று ஓட்டை அடைக்கத் தோன்றும். அடைக்காதீர்கள், படிக்கிறவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். அதற்குப் பதில் சொற்களை முன்பின் மாற்றிப் பாருங்கள், இல்லை வாக்கியத்தையே வேறு இடத்திலிருந்து தொடங்குங்கள். ‘அவலோகிதம்’ என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, அசை பிரித்து தளையைச் சொல்லிவிடும். ஆனால் கையால் பிரித்து முடித்த பிறகு மட்டும் அதைத் திறங்கள். முதலிலேயே திறந்தால் காது பழகாது.

எழுதியதை யாரிடமாவது காட்டுங்கள். ‘சூப்பர்’ என்று சொல்பவரிடம் வேண்டாம். என் மகள் படித்துவிட்டு, “சரிம்மா, குடையை வாங்க வந்தாரா?” என்று மட்டும் கேட்டாள்.

வரவில்லை. கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. குழாய் மறுபடி சொட்ட ஆரம்பித்துவிட்டது.