குதிரைய மிரட்டாம பழக்குறது எப்படி?

கடலூர் சில்வர் பீச்ல சவாரி குதிரைங்க நிக்கும்போது கவனிச்சிருக்கீங்களா, சும்மா நிக்கிறதயே சிலர் கடிவாளத்த வெடுக்கு வெடுக்குனு இழுத்துட்டே இருப்பாங்க. அப்படியே பழகிட்டா வாய் மரத்துப் போயிடும், அப்புறம் எவ்ளோ இழுத்தாலும் கேக்காது.

கிட்ட போறதுலேருந்தே ஆரம்பிங்க. குதிரைக்கு கண்ணு தலையோட ரெண்டு பக்கமும் இருக்கு, கிட்டத்தட்ட 350 டிகிரி தெரியும், ஆனா மூக்குக்கு நேர் முன்னாடியும் வாலுக்கு நேர் பின்னாடியும் தெரியாது. அதனால தோள் பக்கமா பேசிட்டே போங்க.

இப்ப முக்கியமான விஷயம், அழுத்தும்போது இல்லங்க, விடும்போது தான் குதிரை கத்துக்குது. பின்னாடி நகரணும்னா நெஞ்சுல விரல வெச்சு லேசா அழுத்துங்க, அசையலனா கொஞ்சம் கூட்டுங்க, குதிரை கால் கூட எடுக்க வேணாம், உடம்பு பின்னாடி சாஞ்சாலே அந்த செகண்டே கைய எடுத்துடணும், லேட் பண்ணா எதுக்கு விட்டீங்கனே அதுக்கு புரியாது. அப்புறம் பிடரி முடியிற எடத்துல சொறிஞ்சு விடுங்க, குதிரைங்க ஒண்ணுக்கொண்ணு அங்க தான் சொறிஞ்சுக்கும். பட்டு பட்டுனு தட்டுறது நமக்குத் தான் சந்தோஷம்.

காத பின்னாடி ஒட்டி மடக்குச்சுனா கோவம், விலகிடுங்க. நல்லா இருந்த குதிரை திடீர்னு அடம் புடிச்சா திமிர்னு அடிக்காதீங்க, சேணம் உறுத்துதா, பல்லு, குளம்பு சரியா இருக்கானு பாருங்க, சந்தேகம்னா புதுச்சேரி குரும்பாபேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு கூட்டிட்டு போங்க. நம்மூர் சித்திரை வெயில்ல விடிகாலைல பதினஞ்சு நிமிஷம் பழக்குனாலே தாராளம்.