ஒரு பலகையில் காவிரி: ஆறு நிலத்தைச் செதுக்குவதை வீட்டிலேயே செய்து பார்க்கும் முறை

ஆறு தன் பாதையைத் தானே வெட்டிக்கொள்கிறது. வெட்டிய மண்ணைத் தன் வேகம் குறைகிற இடத்தில் இறக்கிவைக்கிறது. பள்ளத்தாக்கு, அருவி, ஆற்றுத்தீவு, கழிமுகம் என்று பாடநூலில் தனித்தனியாகப் படித்தவை பெரும்பாலும் இந்த ஒரே வேலையின் வெவ்வேறு கட்டங்கள்தாம். இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட ஒருமுறை செய்து பார்த்தால் ஆழமாகப் புரியும் என்பதால், மொட்டைமாடியிலோ கொல்லைப்புறத்திலோ ஒரு பிற்பகலில் முடிக்கக்கூடிய செய்முறையை இங்கே தருகிறேன். எடுத்துக்காட்டாகக் காவிரியை வைத்துக்கொள்வோம். குடகு மலையில் தலைக்காவிரியில் பிறந்து ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடி வங்கக் கடலைச் சேரும் அந்த ஆற்றில், நாம் பலகையில் காணப்போகும் எல்லாமே உண்டு.

படி 1: மேடை

மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள பலகை ஒன்றைத் தார்ப்பாயால் சுற்றி, நீர் பக்கவாட்டில் வழியாதபடி இரண்டு நீளப் பக்கங்களிலும் தார்ப்பாயைச் சற்று மடித்து உயர்த்திவிடுங்கள். தலைப்பக்கத்தில் படுக்கவைத்த செங்கல் ஒன்றை அடியில் கொடுங்கள். கால்பக்கத்தில், பலகையின் விளிம்பு நீருக்குள் சற்று மூழ்கும்படி, அகலமான ஆழமற்ற தட்டு ஒன்றில் நீர் நிரப்பி வையுங்கள். அந்தத் தட்டுதான் கடல்.

அந்தச் செங்கல் சாதாரணப் பொருளன்று. புவியின் உள்விசைகள் நிலத்தை உயர்த்துவதும் சாய்ப்பதும் இங்கே அந்தச் செங்கலின் வேலை. தென்னிந்தியத் தீபகற்பத்தின் மேற்கு விளிம்பு உயர்ந்தும் கிழக்கு தாழ்ந்தும் இருப்பதால்தான், அரபிக் கடலுக்கு அருகிலேயே பிறக்கும் காவிரி அந்தப் பக்கம் இறங்காமல் கிழக்கே நெடுந்தூரம் ஓடுகிறது. சாய்வு இல்லாவிட்டால் நீருக்கு வேலை இல்லை.

படி 2: மண்

இரண்டு பாண்டு (கட்டட வேலையில் மண் சுமக்கும் சட்டி) மணலுடன் ஒரு கைப்பிடிக் களிமண்ணைப் பொடித்துக் கலந்து, ஈரமாக்கி, இரண்டு அங்குல உயரத்திற்குப் பரப்பித் தட்டிவிடுங்கள். மணல் காய்ந்திருந்தால் விடுகிற நீர் முழுவதையும் உறிஞ்சிக்கொள்ளும். பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்கு ஈரம் வேண்டும்.

கட்டட வேலையில் மிஞ்சிய எம்-சாண்ட் போதும். ஆனால் சிறிது ஆற்றுமணலும் கிடைத்தால், இரண்டையும் தனித்தனியே விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். எந்திரத்தில் உடைத்த மணல் முனை கூர்மையாக நறநறவென்று குத்தும். ஆற்றுமணலின் முனைகள் மழுங்கியிருக்கும். வெயிலும் மழையும் மரவேர்களும் மலைப்பாறையைச் சிதைத்துத் தந்த துணுக்குகள், ஒன்றோடொன்று மோதி உருண்டு வந்த தொலைவு அந்த மழுங்கலில் பதிந்திருக்கிறது.

தலைப்பக்கத்திலிருந்து ஓரடி தள்ளி, கருங்கல் ஜல்லி பத்துப் பன்னிரண்டை நெருக்கமாகக் குறுக்கே வரிசையாகப் புதைத்து மேலே மணலால் மூடிவிடுங்கள்.

படி 3: நீர்

உயரத்தில் வைத்த வாளியிலிருந்து, மீன்தொட்டிக்குப் பயன்படும் மெல்லிய குழாய் வழியாக நீரை விடுங்கள். ஓட்டம் ஊசிப்பட்டாசின் பருமனுக்குமேல் வேண்டாம். அதிகமானால் ஆறு உருவாகாமல் மணல் முழுவதும் ஒரே வீச்சில் அடித்துக்கொண்டு போய்விடும்.

முதலில் நீர் பரவித் தயங்கும். பிறகு தாழ்வான ஓரிடத்தில் சேர்ந்து, சேர்ந்ததாலேயே வேகம் பெற்று, வாய்க்காலாகக் குடையத் தொடங்கும். ஜல்லி வரிசை வெளிப்பட்டதும் கவனமாகப் பாருங்கள். கல்லுக்குக் கீழே இருக்கிற மணல் விரைவாக அரிபடும், கல் அரிபடாது. ஆகவே அங்கே ஒரு படி விழுந்து, நீர் அதிலிருந்து குதிக்கும். கன்னடத்தில் ‘புகையும் கல்’ என்று பொருள்படும் ஒகேனக்கல்லில் காவிரி கடினமான பாறைகளுக்கிடையே விழுவதும், அதற்கு மேலே மேகதாட்டில் குறுகிய பாறை இடுக்கில் நெருக்கியடித்துக்கொண்டு ஓடுவதும், நீருக்கு எளிதில் வழிவிடாத கல்லால் அமைந்த காட்சிகளே. மேகதாட்டின் பாறைகளில் குடைந்தெடுத்ததுபோன்ற உருண்டைக் குழிகள் உண்டு. சுழலில் அகப்பட்ட கூழாங்கற்கள் ஒரே இடத்தில் சுற்றிச்சுற்றித் துளைத்தவை அவை. வெறும் நீரைவிட, நீர் சுமந்து வரும் கல்லும் மணலுமே பாறையை அதிகம் தேய்க்கின்றன.

படி 4: சாய்வைக் குறையுங்கள்

செங்கல்லை எடுத்துவிட்டு இரண்டு நோட்டுப் புத்தகங்களை அடியில் வையுங்கள். நீரின் அளவை மாற்றாதீர்கள். இந்தச் செய்முறையில் நான் மிகவும் மதிக்கிற கட்டம் இதுதான். அதே நீர் இப்போது சுமக்கமுடியாமல் மணலை நடுவிலேயே இறக்கும்; இறக்கிய மணலே திட்டாகி வழியை மறிக்கும்; பெரும்பாலும் ஓட்டம் இரண்டாகப் பிரிந்து திட்டைச் சுற்றிப் போகும். சற்று நேரத்தில் ஒரு கிளை ஆழமாகி நீரைத் தன்பக்கம் இழுக்க, மற்றது தூர்ந்துகொண்டே வரும்.

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இப்படித்தான் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, இரண்டுக்கும் நடுவே தீவாகத் திருவரங்கம். கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. ஆகவே நீர் அதை நாடிப் போக, காவிரிக் கிளை மேடாகி, தஞ்சை வயல்களுக்கு நீர் குறையும் நிலை வந்தது. 1830களில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டியதற்குக் காரணம் இதுவே.

படி 5: கழிமுகம்

கடல் தட்டில், நீர் வந்து சேருமிடத்தில் விசிறிபோல ஒரு மேடு வளர்ந்திருக்கும். பருமணல் வாயிலேயே நிற்க, குறுமணல் சற்றுத் தள்ளிப் படியும். களி மட்டும் கலங்கலாக மிதந்துகொண்டிருக்கும். அந்தக் களி எப்படி நிலமாகிறது என்பதற்குத் தனியாக ஒரு சோதனை. கலங்கல் நீரை இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் சமமாக ஊற்றி, ஒன்றில் மட்டும் ஒரு கரண்டி உப்பைக் கரையுங்கள். உப்பிட்ட தம்ளர் முன்னதாகவே தெளியத் தொடங்கும். உப்புநீரில் களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனமாகி இறங்கிவிடுகின்றன. ஆற்றுநீர் கடல்நீரைச் சந்திக்கும் இடத்தில் வண்டல் திரண்டு படிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 6: அணை

ஜல்லி வரிசைக்குச் சற்றுக் கீழே, நடுவில் வெட்டுள்ள தகரத் துண்டு ஒன்றைக் குறுக்கே செருகிவிட்டு, ஓட்டத்தைத் தொடருங்கள். தகரத்திற்கு மேலே மணல் குவியும். வெட்டின் வழியே வருவது ஏறக்குறையத் தெளிந்த நீர். இப்போது அடிக்கோலால் கடல் தட்டில் மெல்ல அலை எழுப்பினால், ஈடுசெய்யப் புதுமணல் வராத விசிறியின் ஓரம் கரைந்து பின்வாங்கும். 1934இல் திறக்கப்பட்ட மேட்டூர் அணையும் அதற்கு மேலுள்ள அணைகளும் நீரைத் தேக்குவதோடு வண்டலையும் தேக்குகின்றன என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் பாருங்கள்.

படி 7: வெட்டிப் பார்த்தல்

நீரை நிறுத்தி, தட்டின் நீரை மெதுவாக வடித்து, விசிறியை ஒருநாள் உலரவிடுங்கள். பிறகு அகலமான கத்தியால் ஆறு வந்த திசையிலேயே நெடுக்காக வெட்டி ஒரு பாதியை நீக்குங்கள். வெட்டுமுகத்தில் கடல் பக்கமாகச் சாய்ந்த மென்படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். பருமணல் படலங்களுக்கு நடுவே எங்காவது ஒரு களிக்கோடு இருந்தால், அது நீங்கள் வாளியை மீண்டும் நிரப்பப் போயிருந்தபோது ஓட்டம் நின்ற நேரமாக இருக்கும். தஞ்சைப் பகுதியில் ஆழ்துளைக் கிணறு போடும்போது மணலும் களியும் மாறிமாறி மேலே வருவதும் இதே அடுக்குகள்தாம்.