ஷாஃப்ட் நேரானதும் அதிர்வு அடங்கியது

பழைய படகின் டீசல் எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்மோட்டார் வைத்தேன். எஞ்சின் தாங்குகட்டையில் ஊறி உளுத்த மரத்தை வெட்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டுத்தான் எப்பாக்ஸி பிசினும் கண்ணாடி இழையும் போட்டேன். ஈரத்தோடு மூடினால் மறுபடி உளுக்கும். இதில் அவசரமே கூடாது.

என்னைப் படுத்தி எடுத்தது அதிர்வுதான். மோட்டாரையும், புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட்டையும் இணைப்பது கப்ளிங். கரையில் இம்மி பிசகாமல் நேராக்கிய அந்தக் கப்ளிங், தண்ணீரில் இறங்கியதும் விலகியிருந்தது. மிதக்கும்போது படகின் உடல் சற்றே வளைந்துகொடுக்கும் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

படகை 2 நாள் மிதக்கவிட்டு, கப்ளிங்கின் போல்ட்டுகளைக் கழற்றி, நான்கு பக்கமும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பார்த்தேன். கீழ்ப்பக்கம் இடைவெளி அதிகம். மோட்டாரின் முன்கால் நட்டுகளைக் கால் சுற்று கால் சுற்றாக இறக்கினேன். வித்தியாசம் 0.1 மில்லிமீட்டருக்குள் வந்தது. போல்ட்டுகளை முடுக்கி ஓட்டினேன். தண்ணீர் உரசும் சத்தம் மட்டுமே கேட்டது. அப்படியொரு நிம்மதி!