உருவம் வேறு, எழுத்து வேறு: தமிழ் எழுத்துரு நிறுவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணத்தில் நான் நடத்தும் டிடிபி கடைக்கு வேலை பழக வரும் பிள்ளைகள், குடமுழுக்கு அழைப்பிதழ் ஒன்றைக் கையில் கொடுத்தவுடன் செய்யும் முதல் காரியம், பார்வைக்கு அழகான எழுத்துரு ஒன்றை இணையத்திலிருந்து இறக்கி நிறுவுவதுதான். சென்ற மாதம் ஒரு பெண் அப்படி நிறுவிய எழுத்துருவில் பதினான்கு பக்கங்கள் அடித்து முடித்திருந்ததைப் பார்த்தபோது, முன்பு நான் செய்த அதே தவறு கண்முன் வந்து நின்றது. ஜிப் கோப்பைப் பிரிக்காமல் நிறுவுவது, நிறுவிய பின் வேர்டை மூடித் திறக்க மறப்பது போன்றவற்றை அவர்களே இரண்டு நாளில் கண்டுகொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

உருவத்தைப் பார்த்து எழுத்து என்று நம்புவது

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களுக்குள் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். திரையில் ‘தமிழ்’ என்று தெரியும்போது, கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். அச்சுப் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர், ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் பொது முறையான யூனிகோடை அறியாத மென்பொருள் என்பதால் எங்கள் பக்கத்து அச்சகங்கள் நெடுங்காலம் இவற்றையே நம்பியிருந்தன. ஆனால் யூனிகோடில் 1991 முதலே தமிழுக்குத் தனி இடம் உண்டு. தமிழக அரசும் 2010இல் அதைத் தரமாக ஏற்றுக்கொண்டது. வேர்டிலும் லிப்ரே ஆபிஸிலும் வேலை செய்யும் ஒருவர் இன்னும் பழைய எழுத்துருவில் அடிக்க எந்தத் தேவையும் இல்லை.

2011இல் ஒரு கோயிலின் தலவரலாற்றை, 180 பக்கங்கள், பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்தேன். எட்டு ஆண்டுகள் கழித்து இரண்டாம் பதிப்புக்காக அதே கோப்பைத் திறந்தபோது, பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துகள் மட்டுமே இருந்தன. பழைய எழுத்துருவை யூனிகோடாக மாற்றித் தரும் மென்பொருளில் ஒட்டி மாற்றினேன்; தமிழ்ப் பகுதி பெரும்பாலும் திரும்பி வந்தது. ஆனால் வெறும் எழுத்தாக ஒட்டும்போது எந்தச் சொல் எந்த எழுத்துருவில் இருந்தது என்ற விவரம் போய்விடுகிறது. அதனால் மின்னஞ்சல் முகவரியில் இருந்த டிரஸ்ட் என்னும் ஆங்கிலச் சொல் ‘வசரளவ’ என்று மாறியிருந்தது. ஆங்கில வரிகளில் காற்புள்ளி இருந்த இடமெல்லாம் ‘இ’ வந்து உட்கார்ந்திருந்தது. வேறொரு பழைய எழுத்துருவில் தேவநாகரியாக, அதாவது இந்திக்கும் சமஸ்கிருதத்துக்கும் உரிய எழுத்தில், அடித்திருந்த சுலோகங்கள், எந்த மொழியும் அல்லாத தமிழ் எழுத்துக் குவியலாகிவிட்டன. முதல் பதிப்பின் அச்சுப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருபத்து மூன்று நாள்கள் வரி வரியாகத் திருத்தினேன். அந்த உழைப்புக்குக் கூலி கேட்க எனக்கு வாய் வரவில்லை, பிழை என்னுடையது. இத்தனை ஆண்டுகளாக அந்தக் கோப்பில் ‘நாச்சியார்’ என்று தேடினால் ஒன்றும் கிடைத்திருக்காது, அகரவரிசைப்படுத்தினாலும் ஒழுங்காக வந்திருக்காது என்பதை நினைத்தால் இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

முதல் வரி அடித்தவுடனே இதைச் சோதித்துவிடலாம். அந்த வரியைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை டைம்ஸ் நியூ ரோமன் என்று மாற்றுங்கள். தமிழ் தமிழாகவே நின்றால் தொடரலாம். ஆங்கில எழுத்துகளாக மாறினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்தப் பெண்ணுக்கும் இதைத்தான் செய்து காட்டினேன். பதினான்கு பக்கங்களையும் மறுபடி அடித்தாள்.

விசைப்பலகையை மறப்பது

எழுத்துரு காட்டும்; தட்டச்சு செய்யாது. தமிழ் எழுத்துகளை விசைகளில் அமைத்துத் தரும் தமிழ்99 விசைப்பலகையைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

ஔகாரக் குறியை ‘ள’ என்று அடிப்பது

பழைய முறையில் கை பழகியவர்கள் ‘ஔவை’ என்பதை ஒ, ள, வை என்று மூன்றாக அடிக்கிறார்கள். கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரிவதால் மெய்ப்புப் பார்ப்பவரும் விட்டுவிடுகிறார். கணினிக்கு அது வேறொரு சொல், தேடினால் அகப்படாது. ‘கௌரி’, ‘சௌந்தர’ என்று தொடங்கும் பெயர்கள் நிறைந்த அழைப்பிதழ்களில் இதை நான் தனியாகவே சரிபார்க்கிறேன்.

ஒரு மொழிக்கு மட்டும் எழுத்துருவை அமைப்பது

வேர்டும் லிப்ரே ஆபிஸும் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துருவையும் தமிழ் போன்ற மொழிகளுக்கு இன்னோர் எழுத்துருவையும் தனித்தனியாக வைத்துக்கொள்கின்றன. லிப்ரே ஆபிஸின் மொழி அமைப்பில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்பதை இயக்கிய பிறகே பாணியில் (ஸ்டைல்) தமிழுக்கான எழுத்துருவும் அளவும் தெரியும். மேலே உள்ள பெட்டியில் மட்டும் அளவை மாற்றிவிட்டுத் தமிழ் ஏன் மாறவில்லை என்று கேட்பவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன்.

விண்டோஸில் உள்ள நிர்மலா யூஐ என்னும் எழுத்துரு தமிழையும் தேவநாகரியையும் சேர்த்தே காட்டும். தமிழகத்தில் சமஸ்கிருதம் எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தில் சுலோகம் வேண்டுமென்றால் நோட்டோ செரிஃப் கிரந்தம் நிறுவ வேண்டும். கிரந்தம் யூனிகோடில் சேர்ந்தது 2014இல்தான். பழைய நிலப் பத்திரங்களை அடிக்க வருபவர்கள் வேலி, குழி ஆகிய நில அளவுகளின் குறிகளையும், மா என்னும் நில அளவுக்குரிய இருபதில் ஒன்று என்னும் பின்னக் குறியையும் கேட்பார்கள். (20 மா ஒரு வேலி என்னும் கணக்கு இங்குள்ள விவசாயிகளுக்கு இன்றும் வாய்ப்பாடு.) அந்தக் குறிகள் 2019 முதல் யூனிகோடில் உள்ளன, நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் நிறுவினால் தெரியும். அதை நிறுவாமல், கிட்டத்தட்ட ஒத்திருக்கும் வேறோர் எழுத்தை இட்டு நிரப்பக் கூடாது. பத்திரத்தில் அளவே மாறிவிடும்.

நூறு எழுத்துருக்களை நிறுவுவது

வேண்டாம். நான்கு போதும்.

கோப்பை மட்டும் அனுப்புவது

தஞ்சாவூரில் உள்ள அச்சகத்துக்கு வேர்டு கோப்பை அனுப்பினால், அங்கே அந்த எழுத்துரு இல்லாதபோது வேறொன்று வந்து வரிகள் நகர்ந்து, பக்கமே மாறிவிடும். வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போனால் எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதிக்கும் வசதி இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். அச்சுக்குப் போகும் இறுதிப் பிரதியை பிடிஎஃப் ஆக்கி, வேறொரு கணினியில் ஒருமுறை திறந்து பார்த்த பிறகு அனுப்புங்கள்.