சுபாய்க்கு நடந்து போகிறீர்களா? திரும்பி ஏறுவதை முதலில் யோசியுங்கள்

அரிசோனாவில், கிராண்ட் கேன்யனின் கிளைப் பள்ளத்தாக்கு ஒன்றின் அடியில் இருக்கிறது சுபாய். ஊருக்குச் சாலையே கிடையாது, தபால்கூட இன்றும் கோவேறு கழுதை முதுகில்தான் இறங்குகிறது.

முதலில் அனுமதி வாங்குங்கள். அது ஹவாசுபாய் பழங்குடியினரின் சொந்த நிலம், அவர்களிடம் முன்பதிவு செய்யாமல் இறங்க முடியாது, காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்ற கணக்கும் அங்கே நடக்காது. மதுவும் ட்ரோனும் கூடாது. ஊருக்குள் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள், அது அவர்கள் வீட்டு வாசல்.

66-ஆம் நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து, கார் பாதை முடிந்து நடைபாதை தொடங்கும் ஹுவாலபாய் ஹில்டாப் வரை சுமார் 100 கிலோமீட்டர், வழியில் பெட்ரோல் பங்க் இல்லை, போய்ச் சேர்ந்த இடத்தில் குடிதண்ணீரும் இல்லை. ஆளுக்கு நாலு லிட்டராவது காரில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து ஊருக்கு 8 மைல், கூடார முகாமுக்கு இன்னும் 2 மைல். செங்குத்தான வளைவுகள் எல்லாம் தொடக்கத்திலேயே வந்துவிடுவதால் இறங்கும்போது சுலபமாகத்தான் இருக்கும், ஆனால் திரும்பும்போது அதே வளைவுகள் கடைசியில், கால் ஓய்ந்து, வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில் காத்திருக்கும். அதனால் விடிவதற்கு முன்பே முகாமிலிருந்து கிளம்பிவிடுங்கள், இதில் மட்டும் சோம்பல் வேண்டாம். குளம்புச் சத்தம் கேட்டால் பாறைச் சுவர் பக்கம் ஒட்டி நில்லுங்கள். பள்ளத்தின் பக்கம் நின்றால் கோவேறு கழுதை முதுகில் இருக்கும் மூட்டை இடித்தே தள்ளிவிடும்.

சரி, இவ்வளவு தூரம் நடப்பதே எதற்காகவோ, அந்த அருவிகளுக்கு வருவோம். தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புதான் அந்த நீலப்பச்சை நிறத்தைத் தருகிறது, அதுவே படிந்து படிந்து குளங்களுக்கு வரப்பும் கட்டியிருக்கிறது. ஹவாசு அருவி சுமார் 30 மீட்டர், மூனி அருவி அதைப்போல இரண்டு மடங்கு. மூனிக்குக் கீழே இறங்கப் பாறையைக் குடைந்த சுரங்கம், அப்புறம் சங்கிலி, அப்புறம் சாரலில் நனைந்தே கிடக்கும் ஏணிகள். பிடி வழுக்காத கையுறை போட்டு, பாறையைப் பார்த்தபடி ஒவ்வொரு காலாக வையுங்கள். பயமாக இருந்தால் மேலிருந்தே பாருங்கள், அழகு ஒன்றும் குறையாது.

ஜூலை, ஆகஸ்டில் எங்கோ மேட்டில் பெய்யும் மழை இங்கே வெள்ளமாக வரும். 2024 ஆகஸ்டில் அப்படி வந்த வெள்ளத்தில் உயிரே போனது. ஓடை திடீரென்று கலங்கினால் பையை எடுக்கக்கூட நிற்காமல் மேட்டுக்கு ஏறுங்கள்.

ஊருக்குள் தபால் நிலையம் திறந்திருந்தால் வீட்டுக்கு ஒரு அஞ்சல் அட்டை போடுங்கள், கோவேறு கழுதைத் தபால் என்ற முத்திரையோடு வந்து சேரும்.