கட்டுச்சோறும் பஸ் அட்டையும்: கையைக் கடிக்காத வார இறுதிகள்

சிங்கப்பூருக்கு வந்த முதல் ஆண்டில் நான் எழுதிய கணக்கு நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைப் புதிதாக வரும் எல்லாருக்கும் காட்டுவேன். அன்று கரையோரப் பூந்தோட்டங்களுக்கு (கார்டன்ஸ் பை தி பே) போனோம். அங்கே வெளித்தோட்டங்களுக்குக் கட்டணமே கிடையாது. ஆனாலும் நான்கு தண்ணீர்ப் போத்தல், இரண்டு ஐஸ்கிரீம், மதியச் சாப்பாடு, மாலையில் பிள்ளைகளின் அழுகையை அடக்க வாங்கிய ஏதோ பொரித்த தின்பண்டம், இரவு தூங்கிவிட்ட மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஈசூன் வரைக்கும் டாக்சி என்று 90 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் போய்விட்டது. இலவசமான இடத்துக்குப் போய்வந்த கணக்கு அது. ஒற்றைச் சம்பளத்தில் வாடகை கொடுத்து, ஊருக்கும் பணம் அனுப்பும் வீட்டில் இப்படி மாதத்துக்கு நான்கு ஞாயிறு வந்தால் தாங்காது. தாங்காது என்று பலர் வார இறுதியில் வீட்டுக்குள்ளேயே அடைந்துவிடுகிறார்கள். அதுதான் எனக்கு மனத்தை வருத்துகிறது. வாரம் முழுவதும் நான்கு சுவருக்குள் கைக்குழந்தையோடு இருக்கும் பெண்ணுக்கு அந்த இரண்டு நாள்தான் வெளிக்காற்று.

எனவே முதலில் சாப்பாட்டைச் சொல்கிறேன். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போவதில் கூச்சம் வேண்டாம். இங்கே பூங்காக்களில் சீனர், மலாய்க்காரர், பிலிப்பினோக்கள் எல்லாரும் பாய் விரித்துச் சாப்பிடுகிறார்கள். புளிச்சோறு இந்தப் புழுக்கத்தில் மாலைவரை நிற்கும். தயிர்ச்சோறு என்றால் ஆறிய சோற்றில் பாலை நிறைய விட்டு, ஒரு கரண்டித் தயிர் மட்டும் சேர்த்துப் பிசையுங்கள். ஒரு மணிக்குத் திறக்கும்போது புளிக்காமல் சரியாக உறைந்திருக்கும். தேங்காய் சேர்த்த எதையும் எடுத்துச் செல்லாதீர்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்பதை நம்பவே எங்களுக்கு மூன்று மாதம் ஆனது. ஆளுக்கொரு போத்தலை வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ரயிலிலும் பஸ்ஸிலும் உண்பதும் குடிப்பதும் குற்றம், 500 வெள்ளி வரை அபராதம் உண்டு. பிள்ளைக்குப் பாலோ பிஸ்கட்டோ கொடுப்பதென்றால் நிலையத்துக்குள் நுழையும் முன்பே கொடுத்துவிடுங்கள்.

வெளியில் சாப்பிட வேண்டுமென்றால் கடைத்தொகுதிகளின் உணவகங்களைத் தவிர்த்து பல சிறு கடைகள் ஒன்றாக இருக்கும் உணவங்காடி நிலையத்துக்குப் போங்கள். ஒரு தட்டு கோழிச்சோறும் இரண்டு தோசையும் வாங்கினால் சின்னப் பிள்ளைகள் இருவருக்குப் போதும். மேசையில் டிஷ்யூ பொட்டலம் வைத்திருந்தால் அந்த இடத்தை யாரோ பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று பொருள். சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய்த் திருப்பி வைக்க வேண்டும். 2021 முதல் அது சட்டம்.

அடுத்தது போக்குவரத்து. ஏழு வயது நிரம்பாத குழந்தைகளுக்குப் பஸ்ஸிலும் ரயிலிலும் கட்டணம் இல்லை. ஆனால் உயரம் 0.9 மீட்டரைத் தாண்டிவிட்டால் அதற்கென உள்ள சலுகை அட்டை வேண்டும். இது தெரியாமல் என் மகனுக்குப் பெரியவர் அட்டையைத் தட்டித் தட்டி நான்கு மாதம் பணம் போனது. வந்த வாரமே ரயில் நிலையப் பயணச்சீட்டு அலுவலகத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். இன்னொன்று: பஸ்ஸிலிருந்து இறங்கி 45 நிமிடத்துக்குள் ரயிலிலோ வேறு எண் பஸ்ஸிலோ ஏறினால் அது ஒரே பயணமாகக் கணக்காகும். இறங்கும்போதும் அட்டையைத் தட்ட மறக்காதீர்கள்; மறந்தால் பஸ் கடைசி நிறுத்தம் வரை போகும் தூரத்துக்குக் கட்டணம் பிடித்துவிடும்.

டாக்சிக்குத் தீர்வு ஒன்றுதான். ஒரு நாளைக்கு ஓர் இடம் மட்டும். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், பக்கத்தில் அதையும் பார்த்துவிடலாம்" என்று கணவர் சொல்லும்போது மறுத்துவிடுங்கள். காலையில் ஏழரைக்குக் கிளம்பி, வெயில் ஏறும்போது நிழலில் சாப்பிட்டு, பிள்ளைகள் இன்னும் நடக்கும் தெம்போடு இருக்கும்போதே பஸ் ஏறுங்கள். மத்தியானத்துக்கு மேல் இடியோடு மழை கொட்டுவது இங்கே சாதாரணம். அதிலும் நவம்பர் முதல் ஜனவரி வரை கேட்கவே வேண்டாம். காலைதான் நம்முடையது.

எங்கே போவது? முதல் மாதம் உங்கள் வட்டாரத்தை விட்டு எங்கும் போக வேண்டாம் என்பேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடிகளுக்கு நடுவே இருக்கும் விளையாட்டுத் திடல்கள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. இரண்டு புளோக் தள்ளி நடந்தால் வேறு சறுக்குமரம், வேறு கயிற்றேணி. மாலை ஐந்தரைக்கு மேல் அங்கே போய் நில்லுங்கள். என் முதல் தோழி அங்கேதான் கிடைத்தார். பேரனை ஊஞ்சலில் ஆட்டிக்கொண்டிருந்த மலாய்ப் பாட்டி அவர். எந்தக் கடையில் மீன் மலிவு, காய்ச்சல் வந்தால் எந்த மருந்தகத்தில் கூட்டம் குறைவு என்பதெல்லாம் அவர் சொல்லித் தெரிந்துகொண்டதுதான். வட்டார நீச்சல் குளங்களுக்கு ஆளுக்குச் சில வெள்ளிதான் ஆகும். நீச்சல் உடை கட்டாயம், அரைக்கால் சட்டையோடு இறங்க விடமாட்டார்கள். இடி இடித்தால் எல்லாரையும் கரையேற்றிவிடுவார்கள் என்பதால் அங்கேயும் காலையிலேயே போய்விடுங்கள்.

பிறகு பூமலை, அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா. 1859இல் தொடங்கி, 2015இல் யுனெஸ்கோ மரபுடைமைத் தலமான தோட்டம். அதிகாலை 5 மணி முதல் நள்ளிரவு வரை திறந்திருக்கும், அனுமதி இலவசம். உள்ளே இருக்கும் ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் சீட்டு வாங்க வேண்டும். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் புக்கிட் தீமா பக்கத்து வாசலருகே உள்ள ஜேக்கப் பாலஸ் சிறுவர் தோட்டத்துக்கு நேரே போங்கள். தண்ணீர் விளையாட்டு, மரவீடு, தொங்குபாலம் எல்லாம் இலவசம். பிள்ளை இல்லாத பெரியவர்களை உள்ளே விடுவதில்லை என்பதால் கவலையின்றி ஓட விடலாம். மாற்றுடை இரண்டு கொண்டு போங்கள்.

மேற்கே இருப்பவர்களுக்கு ஜூரோங் லேக் கார்டன்ஸ். அங்கே குளூசியா கோவ் என்ற மணலும் நீரும் கலந்த விளையாட்டிடத்தில் பிள்ளைகள் அரை நாள் கிடப்பார்கள். கிழக்கே பாசிர் ரிஸ் பூங்கா. கயிறுகளாலான பெரிய விளையாட்டுத் திடலும், அலையாத்திக் காட்டுக்குள் போகும் மரப்பாதையும், கடலும் ஒரே இடத்தில் இருக்கின்றன. செந்தோசா என்றதும் பணக்காரர் தீவு என்று ஒதுக்காதீர்கள். ஹார்பர்ஃபிரண்ட் பக்கமிருந்து நடைபாலத்தில் நடந்தே போகலாம், கட்டணமில்லை. தீவுக்குள் ஓடும் பஸ்களும் கடற்கரையும் இலவசம். சிலோசோ கோட்டைக்குப் போகும் 181 மீட்டர் வான்நடைப் பாதைக்கும் காசு கேட்பதில்லை. மறுபடி கரையோரப் பூந்தோட்டங்களுக்குப் போனால் சூப்பர்ட்ரீ என்னும் மரவடிவக் கோபுரங்களின் விளக்குக் காட்சியை 7.45க்குப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 8.45 காட்சிக்கு நின்றால் அது டாக்சியில்தான் முடியும்.

மெக்ரிச்சி நீர்த்தேக்கக் காட்டுவழிக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அங்குள்ள குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை என்றாலே சாப்பாடு. பையை என் கையிலிருந்து ஒன்று பிடுங்கிப் பிரித்து, எலுமிச்சைச் சோற்றை வழியெல்லாம் இறைத்துவிட்டது. மகள் அன்று பட்ட பயம் பல வாரம் போகவில்லை. உணவை முதுகுப்பைக்குள் மூடி வையுங்கள், பாவமென்று எதையும் போடாதீர்கள். விலங்குகளுக்குத் தீனி போடுவது இங்கே சட்டப்படி குற்றம்.

மழை நாளுக்கு நூலகம். யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்கார்ந்து படிக்கலாம். வெளிநாட்டினர் வீட்டுக்கு நூல் எடுத்துச் செல்ல ஆண்டுக் கட்டணம் கட்டி உறுப்பினராக வேண்டும். நாங்கள் மற்ற எத்தனையோ செலவைக் குறைத்து அதைக் கட்டினோம், ஒரு நாளும் வருந்தியதில்லை. பல கிளைகளில் தமிழ்ச் சிறுவர் நூல்கள் தனி அலமாரியில் இருக்கும். பள்ளியில் நாளெல்லாம் ஆங்கிலம் பேசிவிட்டு வரும் மகன், மழைச் சத்தத்தில் என் மடியில் சாய்ந்து தமிழ்ப் படக்கதையை எழுத்துக்கூட்டிப் படித்த சனிக்கிழமைகளுக்கு நான் விலை போட மாட்டேன். எஸ்பிளனேட் அரங்கிலும் வார இறுதிகளில் இலவச இசை, நடன நிகழ்ச்சிகள் நடக்கும். ஏப்ரல் மாதம் தமிழ்மொழி விழா. நாடகம், பேச்சு, சிறுவர் போட்டி என்று மாதம் முழுதும் ஏதாவது இருக்கும், பெரும்பாலும் கட்டணமில்லாமல். அறிவிப்புகளைத் தமிழ் முரசு நாளிதழில் பாருங்கள். அரும்பொருளகங்களைப் பற்றி எச்சரிக்கை ஒன்று: தேசிய அரும்பொருளகமும் கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையமும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான் இலவசம். வேலை அனுமதியில் வந்த நாம் சீட்டு வாங்க வேண்டும். எல்லாரையும் இலவசமாக விடும் விழாக்காலப் பொது உபசரிப்பு நாள்கள் அறிவித்தால் அப்போது போங்கள்.

லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவுக்கு மாதம் ஒரு முறை போதும். ஞாயிறு மாலைக் கூட்டத்தில் தள்ளுவண்டியோடு சிராங்கூன் சாலையில் நடக்க முடியாது. சனிக்கிழமை காலையில் போனால் வீரமாகாளியம்மனையும் பெருமாளையும் தரிசித்துவிட்டு, சந்தையில் முருங்கைக்காயும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு பதினொன்றுக்குள் வீடு திரும்பலாம். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோவில் 1827ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அதே சாலையில் சில அடி தூரத்தில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமியா சூலியா பள்ளிவாசல். ஓஃபிர் சாலை லூர்து அன்னை ஆலயத்தில் தமிழில் திருப்பலி உண்டு. எந்த வழிபாடானாலும் முடிந்தபின் உடனே கிளம்பாமல் கொஞ்சம் நின்று பேசுங்கள். பிள்ளை வளர்ந்த வீடுகளிலிருந்து சைக்கிளும் பள்ளிச் சீருடையும் நமக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தன.

விலங்குத் தோட்டம், கேளிக்கைப் பூங்கா போன்றவற்றை வேண்டாம் என்று சொல்லவில்லை. வாரம் மிச்சமாகும் பணத்தை ஒரு டப்பாவில் போட்டுவாருங்கள். ஊரிலிருந்து பாட்டி தாத்தா வரும்போது அந்த டப்பாவைத் திறந்து எல்லாரும் சேர்ந்து போவது தனிச் சந்தோஷம்.

கடைசியாக, எங்கள் வீட்டார் விரும்பும் இடம்: செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்கா. காம்பஸ் அவென்யூவில் இறங்கிச் சிறிது தூரம் நடக்க வேண்டும். 1909இல் கண்டுபிடிக்கப்பட்ட ஊற்று. 2020 ஜனவரியில் பூங்காவாகச் சீரமைத்துத் திறந்தார்கள். காலை 7 முதல் இரவு 7 வரை, இலவசம். நிலத்திலிருந்து ஏறத்தாழ 70 பாகை சூட்டில் வரும் நீர், படிப்படியாக இறங்கும் தொட்டிகளில் ஆறிக்கொண்டே வருகிறது. கீழ்த்தொட்டியில் கால் வைத்து உட்காரலாம். சொந்த வாளி கொண்டுவந்து தனியே நனைப்பவர்களும் உண்டு. முட்டை அவித்துக்கொள்ளவும் இடம் இருக்கிறது. நாங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் தூக்குவாளியை எடுத்துப்போவோம். முட்டைகளை உள்ளே வைத்து, கொதிநீரைப் பிடித்து மூடிவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நீரை மாற்ற வேண்டும். அரை மணி நேரத்தில் வெள்ளைக்கரு பால்கோவாபோல் தளதளவென்று ஆகிவிடும், மஞ்சள்கரு ஓடும். வீட்டிலிருந்து மடித்துப்போன மிளகுத்தூளும் உப்பும் தூவிக் கிண்ணத்தில் கொடுத்தால், முட்டையே வேண்டாம் என்னும் என் மகள் இரண்டு கேட்பாள். நீரைப் பிடிக்கும்போது பிள்ளைகளை எட்ட நிறுத்துங்கள், சூடு கடுமை. முழங்கால் வலியோடு வந்திருந்த என் அம்மா அங்கே கால் நனைத்தபடி, பக்கத்திலிருந்த சீனப் பாட்டியோடு மொழியே இல்லாமல் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். பத்து முட்டைக் காசும் பஸ் காசும்தான் அன்றைய செலவு. நீங்கள் போகும்போது இரண்டு முட்டை கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள்; விவரம் தெரியாமல் வெறுங்கையோடு வந்த புதுக் குடும்பம் ஏதாவது பக்கத்தில் நிற்கும்.