வங்கி மதிப்பீட்டாளர் வருமுன்

இலங்கை மலைநாட்டில், ஹட்டனிலோ பண்டாரவளையிலோ வீட்டை விற்கிறீர்களா? வாங்குபவர் வீட்டுக் கடன் எடுப்பதாயிருந்தால், வங்கியின் மதிப்பீட்டாளர் ஒரு நாள் வந்து பார்ப்பார். பலர் அதற்காகச் சுவருக்குப் புதுப் பெயின்ட் அடிக்கிறார்கள். அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். மலைநாட்டில் அவருடைய கண் முதலில் போவது வீட்டின் பின்பக்க மண்மேட்டுக்குத்தான்.

தாங்குசுவரில் நீர் வடியும் துளைகள் அடைபட்டிருந்தால் திறந்துவிடுங்கள். வடிகான்களில் சேர்ந்த மண்ணையும் தேயிலைச் சருகையும் அள்ளுங்கள். சுவரில் வெடிப்பு இருந்தால் பூசி மறைக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் மற்ற எல்லாவற்றின் மீதும் சந்தேகம் விழும். பழுது பார்த்திருந்தால் அதற்கான பற்றுச்சீட்டைக் காட்டுங்கள்.

புதருக்குள் மறைந்த எல்லைக் கற்களைத் துப்புரவாக்கி வையுங்கள். நில அளவைப் படத்தோடு காணி பொருந்துகிறதா என்று அவர் பார்ப்பார்.

காணி உறுதி, அங்கீகரிக்கப்பட்ட கட்டிட வரைபடம், வரிப் பற்றுச்சீட்டு ஆகியவற்றின் பிரதிகள் ஒரே கோப்பில் இருக்கட்டும். மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் தந்த அறிக்கை இருந்தால் அதை மேலே வையுங்கள். பிற்பகலில் மூடுபனி இறங்கிவிடும் ஊராக இருந்தால், காலை நேரத்தையே கேளுங்கள்.